தேன்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் நான். இன்று பேச வந்திருப்பது கரும்பலகை இல்லாத ஆசிரியர்களைப் பற்றி. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள். யாராவது வந்து கேட்டால் கைவேலையை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்கள்.

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், "தேன் எங்க இருந்து வருது?" என்றுதான் ஆரம்பிப்பார். எல்லோரும் ஒரே குரலில் "பூவில இருந்து" என்பார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் ரப்பர் மரத்தின் ஒரு கொப்பைத் தாழ்த்துவார். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருகிற இடத்தைக் காட்டி, விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்வார். இனிக்கும்! இலையுதிர்ந்து மறுபடி துளிர்க்கும்போது ரப்பர் மரம் அந்தச் சின்னச் சுரப்பிகளில் இனிப்பு நீரைக் கசியவிடும். தை கழிந்து நம் ஊர்ப் பெட்டிகள் நிறைவது அதனால்தான். தேன் என்றாலே பூ என்று வகுப்பில் எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். இதை நான் படித்ததும் அந்தக் கொப்புக்குக் கீழேதான், என் மாணவர்களோடு நின்று.

நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கிராம மையத்தை நடத்தியபோது, தேனீ வளர்ப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் நாட்டுத் தேனீக் கூட்டங்களை அழித்தது. புழு பையைப் போல ஊதிச் சாகும். அதைக் கண்ணால் பார்த்து, மிஞ்சிய கூட்டங்களைக் காப்பாற்றியவர்களிடம் இருக்கிற அறிவு என் பாடப்புத்தகத்தில் இல்லை. அவர்களுக்கும் வயதாகிறது.

சரி, அவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? என் தவறையே சொல்கிறேன். ஒருமுறை ஆனி மாத மழையில், முன்கூட்டிச் சரியாகப் பேசாமல், அறுபது பிள்ளைகளோடு போய் நின்றேன். மழைக்காலத்தில் தேன் வரத்து இருக்காது, ஈக்கள் கோபமாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் நாலு பிள்ளைகளுக்குக் கொட்டு. அண்ணன்தான் கொடுக்கைச் சுரண்டி எடுத்து, எல்லோரையும் தூரத்தில் உட்காரவைத்தார். திரும்பும்போது மெதுவாகச் சொன்னார்: "சாரே, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கது எனக்குச் சந்தோஷந்தான். ஆனா இன்னைக்கு எனக்கு ஒரு நாள் வேலை போச்சு." ஒரு பொன்னாடையும் குழுப் படமும் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த வார்த்தை இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் முதலில் கூலி. பண்ணையில் பாடம் நடத்துகிறவருக்கு அந்த நாளின் வேலைக்கூலி, அதற்கு மேல் சொல்லிக்கொடுத்ததற்கும் ஒரு தொகை. வேனுக்கு வாடகை கொடுக்கிறோம், மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கிறோம். பாடத்துக்கு மட்டும் சால்வையா?

அப்புறம் நேரம். பால்வெட்டு விடியுமுன் நடக்கிற வேலை. வெயில் ஏற ஏறப் பால் வடிவது நின்றுவிடும். நம் வண்டி பதினொரு மணிக்குப் போய் நிற்கும்போது, அவர்கள் சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, கெட்டுப்போகுமுன் ஆசிட் விட்டு உறையவைக்கிற அவசரத்தில் இருப்பார்கள். வயலிலும் அப்படித்தான். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்திலும் நடவுக்கு ஒரு நாள், அறுப்புக்கு ஒரு நாள் என்று இருக்கிறது. பள்ளிக் கால அட்டவணைக்காக அதைத் தள்ளிவைக்க முடியாது, நாம்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் முன்பே ஆசிரியர் தனியாகப் போய், குடிநீரும் கழிப்பறையும் எங்கே, எந்தப் பிள்ளைக்குக் கொட்டினால் மூச்சுமுட்டும், பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று பேசிவிட்டு வரலாம். ஒரு தடவைக்குப் பதினைந்து பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவனுக்கு முதுகுதான் தெரியும்.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியம். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக இருக்கிறார்கள். தேனீக்காரர் பிள்ளைகளை எப்படிக் கேள்வி கேட்கவைக்கிறார் என்பதை வாழைத்தோட்டக்காரர் பார்த்ததே இல்லை. திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாள், பஸ் காசும் சாப்பாடும் கொடுத்து இவர்களை அங்கே கூட்டி உட்காரவைத்தால், ஒருவர் பாடத்தை இன்னொருவர் பார்ப்பார். அந்தக் கூட்டத்தில் மேடைப் பேச்சு வேண்டாம், அவர்களே பேசட்டும்.

இந்தத் தை மாதம் மறுபடியும் அந்த அண்ணன் தோட்டத்துக்குப் போகிறோம். காலை ஏழு மணிக்கு, பதினைந்து பிள்ளைகள். தேதி அவர் குறித்தது. அவருக்கான தொகையைப் பெற்றோரிடம் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

வணக்கம்.