ராணி போய் பறவை வந்த நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். என் கையில் இப்போது பிஜி நாட்டின் 20 டாலர் நோட்டு ஒன்று இருக்கிறது. தலைவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடற்பறவை.

பிஜி 1987-லேயே குடியரசாகிவிட்டது. ஆனாலும் அதன் நோட்டுகளில் எலிசபெத் ராணி மேலும் 25 ஆண்டுகள் இருந்தார். 2013-இல் புழக்கத்துக்கு வந்த புதிய வரிசைதான் அவர் இடத்தைப் பறவைக்கும் பூவுக்கும் பூச்சிக்கும் கொடுத்தது.

முகத்தை எடுப்பது லேசான காரியமில்லை. நம் கண் பிறந்ததிலிருந்து முகம் பார்த்தே பழகியது. உதட்டோரக் கோடு ஒன்று பிசகினாலும் 'என்னவோ சரியில்லையே' என்று தோன்றிவிடும். கள்ள நோட்டு அடிப்பவனுக்கு அது பெரிய தொல்லை. அந்தக் காவலை விட்டுக்கொடுத்தால், அதன் இடத்தில் வருவது மக்கள் தமக்கே உரியதாக நினைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிஜி அதைச் செய்திருக்கிறது. 100 டாலரில் இருப்பது நானாய் என்ற சிள்வண்டு. எட்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் மண்ணைவிட்டு வெளியே வரும்.

என் கையிலுள்ள பறவையின் கதை இன்னும் அபூர்வம். 1855-இல் ஒரு தீவில் ஒரே ஒரு பறவை கிடைத்தது. அடுத்தது கைக்குச் சிக்கியது 1984-இல், அதே தீவில். தீவின் பெயரை ஆங்கில எழுத்தில் 'காவு' என்றுதான் வாசிப்போம்; அந்த ஊர்க்காரர் வாயில் அது 'ஙாவ்'. நம் ஙகரத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். இது காகித நோட்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறியும் உள்ளே ஓடும் இழையும் தெரியும். இந்த வரிசையில் 5 டாலர் மட்டும் பாலிமர், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். அண்டை நாடான ஆஸ்திரேலியா 1988-இல் உலகுக்குக் காட்டிய முறை அது. சின்ன நோட்டுதான் அதிகம் கைமாறும். கடற்காற்றும் வியர்வையும் காகிதத்தைச் சீக்கிரம் நைத்துவிடும். பாலிமரில் ஈரம் ஏறாது. அதிலுள்ள கண்ணாடி போன்ற பகுதியை நகல் இயந்திரம் வெறும் மையால் கொண்டுவர முடியாது.

அப்புறம், 2017-இல் 7 டாலர் நோட்டு ஒன்று வந்தது. முந்தைய ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி இறுதிப் போட்டியில் பிரிட்டனை 43–7 என்று வென்ற அணிக்காக. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம். ராணி போன நோட்டில் மறுபடி மனித முகம் வந்தது அந்த வீரர்களுக்காகத்தான். வணக்கம்.