ஊற்றைத் தொட்டுத் தொட்டுப் போகும் பாதை

நேயர்களுக்கு என் வணக்கம். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்தில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் சென்ற பயணத்தைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டபோது, எட்டு நாள் பயணத்தை எட்டு நிமிடத்தில் அடக்க இயலாது, அதில் ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன் என்றேன். மர்ரீ என்ற சிற்றூரிலிருந்து, அதனினும் சிறிய வில்லியம் கிரீக் வரை சென்ற நாள் அது. தொலைவு 204 கிலோமீட்டர்தான். ஆனால் எங்களுக்குப் பதினொரு மணி நேரம் பிடித்தது. ஏன் அவ்வளவு நேரம் என்பதுதான் இன்றைய பேச்சு.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரீயில் தொடங்கி மார்லாவில் முடியும் இந்த மண்பாதைக்கு ஊட்னடாட்டா டிராக் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். மலையோ பெருநதியோ குறுக்கிடாத சமவெளியில், இந்தப் பாதை ஏன் இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. அங்கே வரிசையாக ஊற்றுகள் இருக்கின்றன என்பதே விடை. அந்த மண்ணின் மக்களான அரபனா மக்கள் ஊற்றுக்கு ஊற்று நடந்த வழி அது. அதே ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணி வடக்கே சென்று, 1862இல் வடகடலைத் தொட்டார். அவர் சென்ற தடத்தை ஒட்டி 1872இல் தந்திக் கம்பி வந்தது. பின்னர் ஒட்டகக்காரர்களும், கான் என்று அழைக்கப்பட்ட ரயிலும் வந்து, 1980இல் அந்த ரயிலும் நின்று, இன்று நம்மைப் போன்றவர்கள் வண்டியோட்டிப் போகிறோம். இந்த ஒன்றைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனெனில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: முதலில் தண்ணீர், அதன் பின்னால்தான் பாதை.

ஜூலை மாதக் குளிரில் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். மர்ரீயைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, நான்கு டயர்களிலும் 38 பவுண்டு இருந்த காற்றை 28க்கு இறக்கினேன். தெருமுனையில் காற்றடித்தே பழகிய நமக்கு, பயணத்தின் தொடக்கத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவது விபரீதமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பாதை நெளிதகரத்தைப் பரப்பிவைத்தது போல வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். டயர் விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு வரியும் ஸ்டியரிங் வழியாகத் தோள்வரை ஏறும், கூரான கல்லும் எளிதாகக் கிழித்துவிடும். காற்றை இறக்கினால் டயர் சற்றுச் சப்பிக் கல்லின் மேல் படிந்து போகும். வேகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பின்னால் நான்கு பேருக்கு எண்பது லிட்டர் குடிநீர், இரண்டு ஸ்டெப்னி. டிங்கோ என்னும் காட்டு நாய்களைத் தடுக்கும் நெடுவேலியைத் தாண்டினோம். வால் தரையில் ஊன்ற, மூக்கு வானைப் பார்க்க யாரோ நிறுத்திவைத்திருந்த இரண்டு பழைய விமானங்களையும் பார்த்தோம்.

கர்டிமர்க்கா என்ற கைவிடப்பட்ட ரயில் நிலையத்தில் உயரமான இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அங்கே நிலத்தடி நீர் உப்புகள் மிகுந்த கடின நீர். அப்படியே ஊற்றினால் எஞ்சின் கொதிகலனில் உப்புப் படிந்துவிடும் என்பதால், அந்த நீரை மென்மையாக்கிக் கொடுத்த கோபுரம் அது. நீராவி ரயிலும் தண்ணீரைத் தேடித்தான் இந்த வழியே வந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அங்கிருந்து சிறிது தூரத்தில் வப்மா கடர்பு என்ற காப்பகம் இருக்கிறது. அரபனா மொழியில் பாம்பின் தலை என்று பொருள். அங்கேதான் பப்ளர் என்னும் ஊற்று உள்ளது. முழங்கால் உயரச் செடிகூட அரிதான தரையில் வட்டமாக ஒரு குளம். நடுவில் சாம்பல் நிற மணல் அடியிலிருந்து குமிழ்ந்து எழும்பி, விரிந்து, அடங்கி, மறுபடி வேறோர் இடத்தில் எழும்பும். எங்களுடன் வந்திருந்த என் தாயாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. முதுகுளத்தூர்ப் பக்கத்தில், கோடையில் வறண்ட கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் சுரண்டிச் சுரண்டிக் குடம் நிறைத்தவர். மரநடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. “உலைத் தண்ணியாட்டம் கொதிக்குதே, தொட்டாச் சுடுமா?” என்றார். கொதிக்கவில்லை, அடியிலிருந்து வரும் அழுத்தம் என்று சொல்லி, நான் என் பாடத்தைத் தொடங்கினேன். கிழக்கே மலைத்தொடரில் பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கி, ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற கணக்கில் நகர்ந்து, இந்த ஓரத்துக்கு வந்து சேரப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகியிருக்கும் என்கிறார்கள். கிரேட் ஆர்டீசியன் பேசின் என்ற இந்த நிலத்தடி நீர்ப்பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் பதின்மூன்று மடங்கு. பண்ணைக்காரர்கள் ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டிப் பல ஆண்டுகள் மூடாமலே ஓடவிட்டதில் அழுத்தம் குறைந்து, பல ஊற்றுகள் வற்றிப்போயின. பின்னர்தான் அவற்றை மூடத் தொடங்கினார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாயார் கேட்டது ஒரே கேள்வி: “ராத்திரி இதுக்கு யாருப்பா காவல்?” அவர் ஊரில் தோண்டிய ஊற்றுக்குப் பக்கத்தில் விடியவிடிய ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரந்ததை அடுத்தவர் அள்ளிப் போய்விடுவார். யாரும் இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது தவறான பதில் என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அந்த நிலத்தின் மீது அரபனா மக்களுக்கு உள்ள உரிமையை நீதிமன்றம் 2012இல் ஏற்றது. ஆனால் அவர்கள் அந்த ஊற்றுகளைக் கதையாகவும் பெயராகவும் காத்துவந்தது அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே.

ஒன்றரை மணி நேரம் அங்கேயே கழிந்துவிட்டது. எஞ்சிய தொலைவை, கங்காருக்கள் சாலைக்கு வரும் மாலை மங்கலில், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து கடந்தோம். வில்லியம் கிரீக்கைப் பற்றியும், மறுநாள் பார்த்த 578 மீட்டர் நீள ஆல்ஜெபக்கினா ரயில் பாலத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் ஒரு விரலைக் காட்டுகிறார். ஆகவே ஒன்று மட்டும்: அன்றிரவு கூடாரத்துக்குள் படுத்த பிறகு, நாம் கொண்டுவந்த எண்பது லிட்டரில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தாயார் கேட்டார். ஐம்பத்தைந்து என்றேன். எழுந்து போய்க் கேன்களின் மூடிகளைத் தாமே ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். வணக்கம்.