மழை நின்ற கோடு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்டுக்கு 300 முதல் 500 மில்லிமீட்டர் மழை மட்டுமே கிடைக்கும் ஒரு மேட்டுப் புல்வெளியில், இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். குழியின் சுவரைப் பாருங்கள். மேலே புளியங்கொட்டை நிறத்தில் கரும்பழுப்பு மண், அதில் மயிர்போல் சல்லிவேர்கள் பின்னிக் கிடக்கின்றன. கொஞ்சம் கீழே வந்தால் நிறம் வெளிறும். அதற்கும் கீழே, மாவைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். அது சுண்ணாம்பு.

அந்த வெள்ளைக் கோடு எப்படி வந்தது? மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. மழை மிகுந்த நாடுகளில் அது நிலத்தடி நீர்வரைக்கும் போய்விடும். இங்கே அவ்வளவு நீர் இல்லை. பாதி வழியிலேயே வேர்கள் உறிஞ்சிவிட, சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. மழை குறையக் குறைய அந்தக் கோடு மேலே ஏறும். ஓர் இடத்து மழையைப் பற்றிக் கேட்க ஆளில்லாவிட்டால், நான் மண்ணைத்தான் கேட்பேன். அமெரிக்காவின் டெக்சாஸ், நியூ மெக்சிகோ எல்லையிலுள்ள லானோ எஸ்டகாடோ மேட்டில் இந்தச் சுண்ணாம்பு நெடுங்காலமாகச் சேர்ந்து பாறையாகவே இறுகிவிட்டது.

லானோ எஸ்டகாடோ போன்ற அமெரிக்க மேட்டுச் சமவெளிகள் ராக்கி மலைகளின் மழைமறைவில் இருக்கின்றன. பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மேற்குச் சரிவிலேயே நீரைக் கொட்டிவிடும். வெயிலும் காற்றும் நிலத்திலிருந்து உறிஞ்சக்கூடிய நீரோ பெய்யும் மழையைவிடப் பல மடங்கு. பெய்வதிலும் பெரும்பாலானவை சிறு தூறல்கள்தாம். 5 மில்லிமீட்டர் பெய்தால் விரற்கடை ஆழம்தான் நனையும். மரத்துக்கு அது எட்டாது. நீல கிராமா என்ற குட்டைப் புல்லுக்கு அதுவே போதும், ஓரிரு நாளில் பச்சை பிடித்துவிடும். வேரைப் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரப்பி வைத்திருப்பதால் வந்த பலன் இது. அதன் கூட்டாளி பஃபலோ புல்லும் அப்படியே. இரண்டுக்கும் வளர்முனை தரையை ஒட்டியே இருப்பதால், மேய்ந்தாலும் தீ பட்டாலும் அடியிலிருந்து தழைக்கும். ஆண்டுதோறும் செத்து மட்கும் வேர்களே மண்ணுக்கு அந்தக் கருமையைத் தருகின்றன.

இதைப் பார்த்து "வெறும் புல்தானே, தரிசு" என்று எழுதிவைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இங்கே மரம் இல்லாதது குறையல்ல. கணக்கில் தரிசு என்று ஏறிய நிலத்தில் ஏர் இறங்க நாளாகாது.

அமெரிக்காவில் அதுதான் நடந்தது. "ஏர் போன இடத்துக்கு மழையும் வரும்" என்று 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சொல்லி நம்பவைத்தார்கள். நல்ல மழை பெய்த சில ஆண்டுகள் அதை மெய்ப்பிப்பதுபோலவும் தோன்றின. பல இலட்சம் ஏக்கர் புல்லைப் புரட்டிக் கோதுமை போட்டார்கள். 1930-களில் வறட்சி வந்தபோது மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை: பகலை இருட்டாக்கிய புழுதிச் சுவர் ஒன்று அந்தச் சமவெளியைக் கடந்து போனது. அதே மாதம் 27-ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

உழவைக் கைவிட்டால் புல் தானாக வந்துவிடாதா என்று கேட்பார்கள். களைகள் உடனே வரும். நீல கிராமா வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதன் நாற்றுக்கு முதலில் இருப்பது மெல்லிய ஒற்றை வேர், சில வாரங்களே தாங்கும். அதற்குள் தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் இறங்கியாக வேண்டும். அவை இறங்க, மேல்மண் ஓரிரு நாளாவது விடாமல் ஈரமாக இருக்க வேண்டும். அந்த ஈரம் கிடைக்காமல் போனால் நாற்று கருகிவிடும். பிறகு விதையும் ஈரமும் ஒன்றாகக் கூடிவரும் இன்னோர் ஆண்டுக்காக அந்த நிலம் காத்துக் கிடக்கும்.

நன்றி, வணக்கம்.