கூடம் கோணல்

(புதிதாகப் பணியேற்கும் இடைநிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, தம் பள்ளியின் மூன்றாம் வகுப்பறையை இன்று நமக்கு மண்டபமாக்கித் தந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வட்டார வளமையத்து ஆசிரியர் பயிற்றுநர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, மைக் செட்டுக்காரரே, பின்னால் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் அம்மா அவர்களே, எல்லாருக்கும் மேலாக, வருகிற ஜூனில் முதல்முறையாக ஒரு வகுப்பறைக் கதவைத் திறக்கப்போகும் தம்பி தங்கைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் வரவேற்புரை சொன்ன தம்பியைக் கேளுங்கள். பட்டியல் கொடுத்தவர் அவர்தான். பொன்னாடைக்குப் பதில் ஒரு துண்டு போட்டார்கள். வேர்வை துடைக்க உதவுகிறது, அதற்கும் நன்றி.

தொடக்கப் பள்ளி வகுப்பறையை ஒழுங்குசெய்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பகுதியாகச் சொல்கிறேன்: தரை, வெளிச்சம், சுவர், பொருள், நேரம். முதலில் ஒரு பழமொழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பணி நியமன ஆணையோடு பள்ளிக்குப் போய் அறையைப் பார்த்ததும், “என்ன சார் இது, இடமே இல்லையே” என்று சொல்லத் தோன்றும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பழமொழியில் ஒரு குறை உண்டு. சில நேரம் கூடம் மெய்யாகவே கோணல்தான். எது ஆட்டக்காரியின் குறை, எது கூடத்தின் குறை என்று பிரித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

தரை. பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் போங்கள். முதல் நாள் அறையில் இருப்பதையெல்லாம் வராந்தாவுக்கு எடுங்கள். உடைந்த நாற்காலி, போன தேர்தலுக்கு வந்த அட்டைப்பெட்டி, கால் போன மேசை, எல்லாம் வெளியே. பிறகு வெறும் தரையில், நடுவில் உட்காருங்கள். நின்று பார்ப்பது ஆசிரியரின் அறை. உட்கார்ந்து பார்ப்பதுதான் குழந்தையின் அறை. தரையில் உட்கார்ந்த ஐந்து வயதுக் குழந்தையின் கண் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. நின்றால் மூன்றடி சொச்சம். நீங்கள் ஆறடி உயரத்தில் அழகாக ஒட்டிய உயிரெழுத்து அட்டவணையைப் பார்ப்பது பல்லி மட்டும்.

இருபதடிக்கு இருபதடி அறை, முப்பது குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். சாக்பீஸால் தரையிலேயே படம் போடுங்கள். ஆறு ஆறு பேராக ஐந்து பாய். பாய்களுக்கு இடையில் இரண்டடி வழி. அந்த வழி இல்லாவிட்டால் மூலையில் இருக்கும் பாய்க்கு நீங்கள் போகவே மாட்டீர்கள். அங்கே இருக்கும் ஆறு பேரும் ஆண்டு முழுக்க உங்கள் கைபடாத குழந்தைகள். வழியை அடைப்பது பெரும்பாலும் புத்தகப் பை. முப்பது பை தரையில் கிடந்தால் ஒரு பாய் போடும் இடம் போய்விடும். ஆணி அடித்து மாட்டாதீர்கள், குழந்தையின் கண் மட்டத்தில் ஆணி ஆபத்து. பின்சுவரோரம் ஒரு பலகை போட்டு வரிசையாக வையுங்கள். தண்ணீர் பாட்டில்கள் பையோடு வேண்டாம், வாசல் பக்கம் தனியே. இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை யாருடைய நோட்டாவது நனையும்.

கதவு எத்தனை இருக்கிறதோ அத்தனையும் திறக்கும்படி இருக்க வேண்டும். இரண்டாவது கதவின் முன்னால் மேசையோ பீரோவோ நிற்கக் கூடாது. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ, 94 குழந்தைகள். அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேச மாட்டேன். கதவைப் பாருங்கள்.

இரண்டு ஆசிரியர் பள்ளிக்குப் போகிறவர்கள் இங்கே பாதிப் பேராவது இருப்பீர்கள். அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைக் கணக்கு. ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று, மற்றவருக்கு நான்கும் ஐந்தும். மூன்று வகுப்பு ஒரே அறையில் என்றால் வகுப்புவாரியாக மூன்று வரிசை போடாதீர்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகத்தானே பிரிக்கிறோம், பாயையும் அப்படியே போடுங்கள். தொடக்க நிலையான அரும்பு பாய் உங்களுக்கு மிகப் பக்கத்தில். தானே படிக்கத் தெரிந்த மலர் தூரத்தில் இருந்தாலும் வாடாது.

வெளிச்சம். இங்கேதான் கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கும். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஜன்னல் இருந்தால், குழந்தைக்குப் பலகை பளபளக்கும், எழுத்து தெரியாது. ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் நீங்கள் ஒரு கறுப்பு உருவம், உதடு தெரியாது. ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் வாயைப் பார்த்துக் கற்க வேண்டிய வயதில் இது சின்ன விஷயம் இல்லை. கட்டடத்தை இடிக்க வேண்டாம், பாயைத் திருப்பினால் போதும். வெளிச்சம் குழந்தையின் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். வலக்கையால் எழுதுகிறவனின் நோட்டில் அவன் கை நிழல் விழாது. இடக்கைக்காரப் பிள்ளை இருந்தால், எழுதும்போது வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரும்படி அவனை ஓரத்தில் உட்கார வையுங்கள். அவன் கையை மாற்ற முயலாதீர்கள்.

கரும்பலகைக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் எழுத்தை எழுதுவதற்கு முன், சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் எழுதினால் முதலில் எழுதிய எழுத்து அழித்த பிறகும் நிழலாக நிற்கும். சில பள்ளிகளில் யாரோ எப்போதோ எழுதிய “வருக வருக” இன்னும் வரவேற்றுக்கொண்டிருக்கிறது.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியபோது, சுவரைச் சுற்றித் தாழ்வாகக் குழந்தைகளுக்கென்றே கரும்பலகை அடித்தார்கள். பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது, மேலே அட்டவணை ஒட்டி மறைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடியுங்கள். தொல்லியல் துறை வராது, நீங்கள்தான் சுரண்ட வேண்டும்.

சுவர். புது ஆசிரியருக்கு ஒரு வியாதி உண்டு. சம்பளம் வருவதற்கு முன்பே கடன் வாங்கி அட்டை, ஜிகினா, தோரணம். 2014-இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலையரை வைத்துச் சோதித்தார்கள். அதே பாடங்கள், ஒரு முறை சுவர் நிறைய அலங்காரம், ஒரு முறை வெற்றுச் சுவர். வெற்றுச் சுவர் அறையில் கேள்விகளுக்குச் சரியான விடை 55 விழுக்காடு. அலங்கார அறையில் 42. சின்னச் சோதனைதான், ஆனாலும் ஜிகினா கடைக்குப் போகுமுன் நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் சுவரில் மூன்றே மூன்று இருந்தால் போதும்: குழந்தைகளின் பெயர் அட்டைகள், அந்த மாதப் பாடல், இன்றைய தேதியும் கிழமையும். வருகைப் பதிவைக்கூடப் பெயர் அட்டையால் எடுக்கலாம். வந்தவுடன் தன் அட்டையை எடுத்து வருகைக்கான பையில் செருகுகிறவன் ஒரு மாதத்தில் தன் பெயரின் எழுத்துகளையும், பக்கத்துப் பிள்ளையின் பெயரில் பாதியையும் படித்துவிடுவான்.

ஒட்டுவதில் ஒரு எச்சரிக்கை. செல்லோடேப் வெயிலில் இளகி விழும், விழும்போது வெள்ளையடித்த சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு வரும். மைதா பசைக்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் விருந்தாளி. பைண்டிங் கடையில் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, குழந்தை தொடும் இடத்தில் வேண்டாம். சுவருக்குச் சுவர் கொடிக்கம்பி கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் கட்டாதீர்கள். நாள் முழுக்க ஓவியங்கள் ஆடும், முப்பது தலையும் சேர்ந்து ஆடும்.

பொருள். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை நல்லது, காசில்லாதது. ஒரு பாய்க்கு நூறு, ஐந்து பாய்க்கு ஐந்நூறு, கொட்டாங்குச்சியில் போட்டு வையுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் வேண்டாம், மூக்கிலும் காதிலும் போய்விடும். அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் மூடி. பத்துப் பத்தாகக் கட்ட துடைப்பக் குச்சி, ரப்பர் வளையம். எந்தப் பொருளையும் குழந்தை தானே எடுக்கவும் தானே திருப்பி வைக்கவும் முடிய வேண்டும். வைக்கும் இடத்தில் அந்தப் பொருளின் படத்தை ஒட்டிவிட்டால் படிக்கத் தெரியாதவனும் சரியாக வைப்பான். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் திறந்தபோது செய்த பெரிய காரியங்களில் ஒன்று, குழந்தை உயரத்துக்குத் தட்டும் மேசையும் செய்ததுதான். அந்த அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தட்டு மட்டும் ஏனோ நம் பள்ளிகளுக்கு வந்து சேரவில்லை. நமக்கு வந்தது பீரோ.

பீரோவுக்கு வந்துவிட்டேன். வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள் புன்னகைக்கிறார்கள். ஒரு கதை சொல்கிறேன், கதையாகவே கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எல்லா ஊரும்தான். ஒரு பள்ளி, ஒரு பச்சை பீரோ, உள்ளே 312 கதைப் புத்தகங்கள். எச்.எம். ஐயா சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். ஐயா லீவு என்றால் சாவியும் லீவு. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், அதுக்குள்ள என்ன இருக்கு?” “புத்தகம்.” “யாருக்கு சார்?” “உங்களுக்குத்தான்.” “எப்ப சார் தருவீங்க?” “கிழிக்காத வயசு வரட்டும், தர்றேன்.” ஆண்டுதோறும் சரிபார்ப்பு நடக்கும். கதவைத் திறப்பார், முதுகுகளை எண்ணுவார், 312, குறைவு ஏதுமில்லை, கையொப்பம், மூடு. அந்தப் பெண் ஐந்து முடித்தாள், கல்யாணம் கட்டினாள், அவள் மகள் அதே பள்ளியில் சேர்ந்தாள், அவளே பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வந்துவிட்டாள். ஐயாவுக்குப் பணி ஓய்வு. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் புது எச்.எம். 312 எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆசையாக ஒரு புத்தகத்தை இழுத்தார். முதுகு மட்டும் கையோடு வந்தது. அடுத்தது, அதுவும் முதுகுதான். ஈரச் சுவரை ஒட்டி நின்ற பீரோவின் அடித்தகடு துருப்பிடித்து, கரையான் ஏறி, உள்ளே முழுக்க மண். பெரியவர் நிமிர்ந்து சொன்னார்: “என் காலத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லை!” அந்த அம்மா சொன்னாள்: “சார், நாங்க கிழிச்சிருந்தாக்கூட பாதி மிஞ்சியிருக்கும்.”

கை தட்டுகிறீர்கள். அந்த எச்.எம்.மைத் திட்டாதீர்கள். அவருக்கு ஆட மனசில்லாமல் இல்லை, காலில் கட்டியிருந்தது சலங்கை இல்லை, இருப்புப் பதிவேடு. ஒரு புத்தகம் குறைந்தால் தன் பணத்திலிருந்து கட்ட வேண்டுமோ என்ற பயம் இருக்கும்வரை எந்த பீரோவும் திறக்காது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதி வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். முதல் விதி: நூல்கள் பயன்படுத்துவதற்கே. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். வழங்கப்பட்ட, படிக்கப்பட்ட ஆயிரம் நூலுக்கு ஆண்டில் ஐந்து தொலைவது இயல்பு என்கிறது, மோசடியோ அலட்சியமோ இல்லாதவரை. கணக்குப் போடுவோம். முப்பது குழந்தை, வாரம் ஒரு புத்தகம், நாற்பது வாரம்: 1,200 முறை. ஆயிரத்துக்கு ஐந்து என்றால் ஆறு புத்தகம். ஆண்டுக்கு ஆறு புத்தகம் போனால் அந்த வகுப்பில் படிப்பு நடக்கிறது என்று பொருள். ஒன்றுமே போகவில்லை என்றால்தான் விசாரணை வைக்க வேண்டும்.

ஆகவே அறைக்குள் போனதும் இதைச் செய்யுங்கள். பீரோ இருந்தால் சுவரிலிருந்து அரையடி தள்ளி, செங்கல் மேல் ஏற்றுங்கள். இரண்டரை அடி உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைப் புத்தகங்களில், எளிதான நுழையும் நடையுமாக நாற்பது எடுத்து, அட்டை முகம் தெரியும்படி நடுப்பக்கத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். முதுகைப் பார்த்து எந்தக் குழந்தையும் புத்தகம் எடுக்காது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாதியை மாற்றுங்கள். மெல்லிய புத்தகம் கிழிவது எப்போதும் நடுவில் கம்பிப் பின் குத்திய இடத்தில். வாங்கியவுடன் பின்னைப் பிடுங்கிவிட்டு மூன்று துளை போட்டு நூலால் தைத்துவிட்டால் அதிக நாள் உழைக்கும். பக்கத்தில் ‘மருத்துவமனை’ என்று எழுதிய பெட்டி ஒன்று. கிழித்தவன் பயந்து ஒளிக்காமல் அதில் கொண்டுவந்து போடுவான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தைத்துக் கொடுப்பார்கள். பதிவேட்டில் எழுதுவதும் அவர்களே செய்யட்டும்: பெயர், புத்தகம், எடுத்த தேதி, கொடுத்த தேதி, நான்கே கட்டம்.

இந்த ‘ஆயிரத்துக்கு ஐந்து’ நம் தொடக்கப் பள்ளிகளுக்கும் ஒரே பக்கத்தில், எளிய தமிழில், தலைமையாசிரியர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிற மாதிரி ஓர் ஆணையாக வர வேண்டும். அதைக் கேட்டு ஒரு விண்ணப்பம் தயாரித்து வந்திருக்கிறேன். கூடம் கோணலா, ஆடத் தெரியவில்லையா என்ற வழக்கு அந்த ஒரு தாள் வந்த பிறகு தீர்ந்துவிடும். இதுவரை நாம் ஆடவே விட்டதில்லை.

ஐந்தாவதாக நேரம் என்று சொல்லியிருந்தேன். காலை உணவு முடிந்து கை கழுவி வந்த பிறகு முதல் இருபது நிமிடத்தை எப்படி வைப்பது என்று நிறையச் சொல்லலாம். ஆனால் தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், தேநீரும் ஆறுகிறது. விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், பள்ளி, ஒன்றியம் மூன்றும் தெளிவாக எழுதுங்கள். பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள், அது பதிவேட்டில் இருக்கிறதாம். வணக்கம்.