ரிவால்வரில் இரண்டு வழிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ரிவால்வரால் இலக்கைச் சுடும் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சிங்கிள் ஆக்ஷன் முறையிலேயே தொடங்குகிறார்கள். தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திக்கொண்டால், அதன்பின் டிரிகரை ஏறத்தாழ ஒன்றரை கிலோ அழுத்தத்தில் தொட்டாலே குண்டு பாய்ந்துவிடும். டபுள் ஆக்ஷனிலோ தோட்டாக்களைத் தாங்கும் உருளையைச் சுழற்றுவதும் சுத்தியலை உயர்த்துவதும் விடுவிப்பதும் ஒரே விரலின் ஒரே இழுப்பில் நடக்க வேண்டும். அதற்கு ஐந்து கிலோ வரை அழுத்தம் தேவைப்படலாம். ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியில் அவ்வளவு அழுத்தத்தைச் செலுத்தும்போது முனை அசையாதிருப்பது எளிதன்று. ஆயினும், கற்பவர் டபுள் ஆக்ஷனிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த விவாதம் பழையது. 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில், பெருவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டிய சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வரும், டிரிகரை மட்டுமே கொண்டு இயங்கிய ராபர்ட் ஆடம்ஸின் ரிவால்வரும் வைக்கப்பட்டிருந்தன. 1856-இல் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த பியூமாண்ட், இரண்டு வழிகளிலும் சுடக்கூடிய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

எந்த வழியில் சுட்டாலும் குழலும் உருளையும் அவையேதான். ஆகவே டபுள் ஆக்ஷனில் துல்லியம் குறைகிறதென்றால், அதன் காரணத்தைத் துப்பாக்கியில் தேடாமல் கையில்தான் தேட வேண்டும். 1932-இல் அமெரிக்காவின் எட் மெக்கிவெர்ன், டபுள் ஆக்ஷன் ரிவால்வரில் அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஐந்து குண்டுகளைச் சுட்டுக் காட்டினார்.

கைப்பிடியை அதன் மேற்பகுதியில் உறுதியாகப் பிடிக்க வேண்டும். இலேசான சிங்கிள் ஆக்ஷன் டிரிகருக்கு விரல்நுனியின் சதைப்பகுதி போதும். டபுள் ஆக்ஷனுக்கு விரலின் முதல் மடிப்பு வரை உள்ளே செல்வது பலருக்கு வசதியாக இருக்கும். கண் குழலின் முனையிலுள்ள முன்குறியிலேயே நிலைத்திருக்க, விரல் நிற்காமலும் வெடுக்கென்று பிடுங்காமலும் ஒரே வேகத்தில் பின்னோக்கி வர வேண்டும். உருளை பூட்டிக்கொள்ளும் வரை இழுத்து, அங்கே சற்று நிறுத்திப் பின் சுடும் வழக்கமும் உண்டு. தேர்ந்தவர்களுக்கு அது பயன்படலாம். கற்பவர்களிடம் அது கடைசி நொடியில் பிடுங்கும் பழக்கத்தையே வளர்க்கிறது.

இதற்குச் சிறந்த பயிற்சி, பயிற்சியாளரின் மேற்பார்வையில் சுடுதளத்திலேயே செய்யக்கூடியது. உருளையின் சில அறைகளில் தோட்டாக்களையும் மற்றவற்றில் சுட்டு முடித்த வெற்று உறைகளையும் இட்டு, எது எங்கே என்று அறியாதபடி சுழற்றி மூட வேண்டும். வெற்று உறைமீது சுத்தியல் விழும்போது முனை கீழே தாழ்ந்தால், சத்தத்தை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே துள்ளுகிறது என்று பொருள். இலேசான டிரிகர் பெரும்பாலும் மறைத்துவிடும் இந்தக் குறையை, நீண்ட இழுப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சிங்கிள் ஆக்ஷனுக்கும் உரிய இடம் உண்டு. 25 மீட்டர் தூரத்தில் சுடும் சென்டர் ஃபயர் என்ற துப்பாக்கிப் போட்டியின் விரைவுச் சுற்றில் இலக்கு 3 விநாடி தோன்றி, 7 விநாடி மறைகிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரே குண்டு. அந்த 7 விநாடிக்குள் சுத்தியலைப் பின்னிழுத்துப் பிடியைச் சரிசெய்துகொள்ள நேரமிருப்பதால், அங்கே ரிவால்வருடன் நிற்பவர் சிங்கிள் ஆக்ஷனைத் தேர்ந்தெடுப்பதே முறை.