நிறம் பார்த்துக் கோழி வாங்கப் போகிறீர்களா?

[திரையில்: புல்வெளியில் கறுப்பு, வெள்ளை, சாம்பல், பொன் நிறக் கோழிகள் மேய்கின்றன]

வணக்கம். கோழி வாங்கும்போது எத்தனை முட்டை இடும், எவ்வளவு எடை வரும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று தேடுபவர்களும் உண்டு. இந்த வீடியோ இரண்டாவது கூட்டத்துக்கு. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, தினமும் பார்க்கப் போவது நீங்கள்தானே! ஆனால் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பார்த்து ரசிக்க மட்டும் வாங்குகிறீர்களா, குஞ்சு பொரிக்கவும் போகிறீர்களா? ரசிக்க மட்டும் என்றால் எந்த நிறமும் சரிதான். குஞ்சு என்று வந்துவிட்டால், சில நிறங்கள் அப்படியே அடுத்த தலைமுறைக்கு வரும், சில நிறங்கள் வராது.

[திரையில்: ஒரு கறுப்பு இறகு, ஒரு செம்பொன் இறகு, ஒரு வெள்ளை இறகு]

இறகில் இருக்கும் நிறமிகள் முக்கியமாக இரண்டுதான். கறுப்பைத் தருவது யூமெலனின். சிவப்பையும் பொன்னையும் தருவது ஃபியோமெலனின். வெள்ளை என்பது நிறமியே சேராத நிலை. இந்த இரண்டையும் எந்த இடத்தில் சேர்ப்பது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு வெளிற வைப்பது என்பதெல்லாம் மரபணுக்களின் வேலை. இத்தனை இனங்களும் இத்தனை நிறங்களும் அங்கிருந்துதான் வருகின்றன.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது கறுப்பு. ஆஸ்ட்ராலார்ப் கோழியை நிழலில் பார்த்தால் வெறும் கறுப்புதான். வெயிலுக்கு வந்ததும் வண்டின் முதுகு போலப் பச்சையாக மின்னும். அந்தப் பச்சைக்குத் தனி நிறமி கிடையாது. இறகுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் மினுமினுப்பு அது. இன்னொன்று, கறுப்புக் கோழியின் குஞ்சு முழுக்கக் கறுப்பாக இருக்காது. வயிற்றுப் பக்கம் வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்!

[திரையில்: சாம்பல் நீல ஆண்டலூசியன் கோழி]

இப்போது எல்லோரும் கேட்கும் ப்ளூ. பெயர்தான் ப்ளூ, பார்த்தால் ஈயச் சாம்பல் நிறம். ஆண்டலூசியன் கோழி இதற்குப் பேர் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேட்சன், புன்னெட் போன்ற மரபியல் ஆய்வாளர்கள் இந்தக் கோழியை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். அப்படி என்ன விசேஷம்?

கறுப்பை வெளிற வைக்கும் ஒரு மரபணு இதில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று குஞ்சுக்கு அதன் இரண்டு பிரதி வரை வரலாம். ஒரு பிரதி இருந்தால் ப்ளூ. இரண்டு பிரதி இருந்தால் வெள்ளையில் சாம்பல் தெறித்த மாதிரி ஒரு நிறம், அதை ஸ்ப்ளாஷ் என்கிறார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் கறுப்பு. ஆகவே ப்ளூ சேவலையும் ப்ளூ பெட்டையையும் சேர்த்தால் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிதான் ப்ளூ. கால் பங்கு கறுப்பு, கால் பங்கு ஸ்ப்ளாஷ். எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

சரி, எல்லாமே ப்ளூவாக வேண்டுமென்றால்? கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் சேர்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு குஞ்சுக்கும் சரியாக ஒரு பிரதி கிடைக்கும், அத்தனையும் ப்ளூ. யாரும் விரும்பி வாங்காத ஸ்ப்ளாஷ் கோழிக்கு இங்கேதான் மதிப்பு.

இதே போலத் தெரியும் இன்னொரு நிறம் லாவெண்டர். ப்ளூவை விட வெளிர், உடம்பு முழுக்க ஒரே சீராக இருக்கும். இது வேறு மரபணு, ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதியும் இருந்தால்தான் வெளியே தெரியும். லாவெண்டரும் லாவெண்டரும் சேர்ந்தால் குஞ்சுகள் எல்லாமே லாவெண்டர்தான். ஆனால் சில வம்சாவழிகளில் வால் இறகும் முதுகு இறகும் நைந்து கிழிந்த மாதிரி வளரும். வாங்கும் முன் தாய்க்கோழியையும் சேவலையும் நேரில் பாருங்கள்.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பிளைமவுத் ராக் சேவலும் பெட்டையும்]

பட்டை போட்ட பிளைமவுத் ராக் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே இனம்தான், ஆனால் சேவல் வெளுத்தும் பெட்டை கருத்தும் தெரிகிறது பாருங்கள். பட்டை மரபணு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு பிரதி வரும், பெட்டைக்கு ஒன்றுதான். இதில் ஒரு வசதியும் உண்டு. பட்டைப் பெட்டையை, பட்டை இல்லாத கறுப்புச் சேவலோடு சேர்த்தால், பொரித்த அன்றே ஆண் பெண் பிரித்துவிடலாம். தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது சேவல் குஞ்சு.

ஒவ்வொரு இறகுக்கும் கறுப்புக் கரை கட்டிய லேஸ்டு வகையில் வயண்டாட், சீப்ரைட் இரண்டும் பிரபலம். என் கண்ணுக்கு இதை மிஞ்ச நிறமில்லை. ஆனால் அந்தக் கரை பல மரபணுக்கள் ஒன்றுகூடி வருவது. வேறு இனத்தோடு ஒரு முறை கலந்தால் கரை காணாமல் போகும், மீட்டெடுக்கப் பல தலைமுறை ஆகும். பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

வெள்ளையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் மஞ்சள் ஏறும், பருந்தின் கண்ணில் எளிதில் படும். ஒரு விஷயம் மட்டும். வெள்ளை லெகார்ன் இனத்தின் வெள்ளை ஓங்கு பண்பு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும். மந்தையில் அந்தச் சேவல் ஒன்று இருந்தாலே குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே பிறக்கும், அங்கங்கே புள்ளிகளோடு. மற்ற நிறங்களைப் பெரும்பாலும் மூடிவிடும்.

ஆர்பிங்டன் இனத்தில் வரும் பஃப் என்கிற இளம் பொன் நிறம் வெயிலில் வெளுக்கும். வளர்ந்து முடிந்த இறகு தன் நிறத்தைப் புதுப்பித்துக்கொள்ளாது. பழைய இறகு உதிர்ந்து புதியது முளைத்தால்தான் பழைய பளபளப்பு வரும். அதனால் இறகு உதிரும் காலத்துக்கு முன்பு பார்த்து "நிறம் மட்டம்" என்று ஒதுக்காதீர்கள். புள்ளி போட்ட சசெக்ஸ் இனத்தில் இப்படி இறகு உதிர்வது நமக்குச் சாதகம். ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் வெள்ளைப் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும்.

அப்புறம், விளம்பரப் படங்கள். பல இனங்களில் சேவல்தான் வண்ணமயம், பெட்டை மங்கிய பழுப்பு. படத்தில் சேவலைக் காட்டிப் பெட்டைகளை விற்பார்கள். பெட்டையின் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

[திரையில்: தனித்தனிக் கூண்டுகளில் இரண்டு சேவல்கள்]

பல நிறங்களை ஒன்றாக மேயவிட்டு, குஞ்சுக்கு மட்டும் தனி நிறம் வேண்டும் என்றால் பெட்டைகளைப் பிரித்து, அந்தந்த நிறச் சேவலோடு அடையுங்கள். ஆனால் பிரித்த மறுநாளே முட்டையை அடைக்கு வைத்துவிடாதீர்கள். முந்தைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். ஒரு மாதம் வரும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு இடும் முட்டைகளை அடைக்கு வையுங்கள்.