தொட்டி என்ற அடையாளம்: பெத்லகேம் இடையர்களும் எங்கள் பாலன் கொட்டிலும்

அன்பான இறைமக்களே, கிறிஸ்து பிறப்பைக் காட்டும் பாலன் கொட்டில் கட்டும் வேலையில் இறங்கியிருக்கும் இளையோரே,

தம்பலகாமத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் பெரும்போகம் விதைத்தாயிற்று. பயிரில் மாடு இறங்கிவிடக் கூடாதென்று பட்டிகளை மேட்டுக்காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மாரி மழையிலும் பட்டிக்காரர் அங்கேதான் படுக்கை. ஈரவிறகை ஊதி ஊதி நெருப்பை அணையவிடாமல், யானைக்கும் கள்வருக்கும் விழித்திருக்கிறார்கள். லூக்கா 2:8இல் வரும் இடையர்களை விளங்கிக்கொள்ள இவர்களைப் பார்த்தாலே போதும்.

அந்த வசனத்தில் லூக்கா கையாளும் கிரேக்கச் சொல்லுக்கு வெட்டவெளியிலேயே தங்கி வாழ்தல் என்று பொருள். அடுத்து, இரவின் 'காவல்களை' என்று பன்மையில் எழுதுகிறார். யூதர் இரவை மூன்று சாமமாகவும் உரோமர் நான்காகவும் பகுத்தார்கள். ஒருவர் விழித்திருக்க மற்றவர்கள் உறங்குவார்கள், பிறகு ஆள் மாறும். ஓநாய்க்கும் திருடனுக்கும் ஒரு சாமத் தூக்கம் போதும். இதே பெத்லகேமில் ஆடு மேய்த்த தாவீது கோலியாத்தை எதிர்க்கப் போனபோது அவரிடம் இருந்தவை கோல், தோள்பை, கவண், ஐந்து கூழாங்கற்கள். கொட்டிலில் வைக்கும் இடையருக்கு வளைந்த தடி மட்டும் கொடுத்து நிறுத்திவிடுகிறோம். பையும் கவணும் சேர்த்துச் செய்யுங்கள்.

இடையர் யாரும் மதிக்காத கூட்டம், அவர்கள் சாட்சி செல்லாது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். சாட்சி பற்றிய அந்த விதி பிற்கால யூதச் சட்ட நூலான தல்மூதில் உள்ளது. லூக்கா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆபேல், மோசே, தாவீது எல்லாரும் மந்தை மேய்த்தவர்களே. எங்கள் தமிழிலும் முல்லை நிலத்து மக்களுக்குரிய 'ஆயர்' என்ற பெயராலேதான் இன்று மறைமாவட்டத் தலைவரை அழைக்கிறோம். இடையர் ஏழைகள் என்று சொல்லுங்கள், அது சரி. இழிந்தவர்கள் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் பரவுகிறது: அவர்கள் ஆலயப் பலி ஆடுகளை மேய்த்தார்கள், பழுதற்ற குட்டிகளைத் துணியில் சுற்றித் தொட்டியில் வைத்தார்கள் என்பது. எருசலேமுக்கும் பெத்லகேம் பக்கத்து மிக்தால் ஏதேருக்கும் இடையில் அகப்படும் கால்நடைகளைப் பலிக்குரியவையாகக் கொள்ள வேண்டும் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்வது உண்மை. குட்டியைத் துணியில் சுற்றும் செய்தி அதிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. அழகாக இருக்கிறது என்பதற்காக அதை மேடையில் சொல்ல வேண்டாம்.

இனித்தான் முக்கியமான இடம். குழந்தையைத் துணிகளில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தியிருப்பதைக் காண்பீர்கள், இதுவே உங்களுக்கு அடையாளம் என்று வானதூதர் இடையரிடம் சொன்னார். துணியில் சுற்றிய குழந்தை என்றால் அது அடையாளமே ஆகாது. பிறந்த பிள்ளையைக் கழுவி, உப்புத் தேய்த்து, துணிப்பட்டைகளால் சுற்றுவது அக்கால வழக்கம் என்பதை எசேக்கியேல் 16:4 காட்டுகிறது. எந்தத் தாயும் செய்தது. ஆனால் தீவனத் தொட்டியில் கிடக்கும் குழந்தை அந்த ஊரிலேயே ஒன்றுதான் இருந்திருக்கும். பலஸ்தீனக் கிராமத்து வீடுகளில் இரவில் கால்நடைகளை வீட்டின் தாழ்வான பகுதியில் கட்டுவது நெடுநாள் வழக்கம். எந்த வீட்டில் தொட்டி உண்டு, எங்கே வைக்கோல் இருக்கும் என்பது மந்தைக்காரருக்குத் தெரியும். வானதூதர் தெருவும் சொல்லவில்லை, வீட்டுக்காரர் பெயரும் சொல்லவில்லை. தொட்டி என்றார், அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. அரண்மனைக்காரருக்கு இந்த அடையாளத்தைக் கொடுத்திருந்தால் விடியும்வரை அலைந்திருப்பார்கள்.

ஆகவே தொட்டியைத் தொட்டில்போல் செய்யாதீர்கள். இஸ்ரயேலின் பழைய நகரான மெகிதோவின் அகழ்வில் கிடைத்த தொட்டிகள் முழுக்கல்லில் குடைந்தவை. களிமண்ணில் விளிம்பு தடிப்பாகச் செய்து, மாடு நக்கித் தேய்ந்ததுபோல் உள்விளிம்பை ஈரவிரலால் மழுக்குங்கள். மண்ணை அவசரமாக வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் உலரவிடுங்கள். மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. எசாயா 1:3இலிருந்து வந்த அவற்றை, 1223இல் கிரேச்சியோவில் புனித பிரான்சிஸ் உயிருடனேயே கொண்டுவந்து நிறுத்தினார். அவை இருக்கட்டும். ஆடுகளை ஒரே வெள்ளையாகத் தீட்டாமல் வெள்ளாடும் கலந்து வையுங்கள், மத்தேயு 25இன் இடையர் பிரித்தெடுப்பது கலந்து நின்ற மந்தையைத்தான்.

பெரும்பாலும் பிழைப்பது நேரத்தில். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறே இடையரும் மூன்று ஞானியரும் தொட்டியருகே முழந்தாளிட்டு இருப்பார்கள், தொட்டியோ வெறுமையாக இருக்கும். இடையரைக் கொட்டிலிலிருந்து தள்ளி, கிடையோடும் நெருப்போடும் வையுங்கள். நள்ளிரவுத் திருப்பலியில் பாலனைத் தொட்டியில் கிடத்துங்கள். அதன் நற்செய்தி வானதூதர் பாடலோடு முடிகிறது. இடையர் விரைந்து போவது விடியற்காலைத் திருப்பலியின் வாசகம், அந்த நேரத்தில் அவர்களைத் தொட்டியருகே கொண்டுவாருங்கள். ஞானியர் ஜனவரியில் வரும் திருக்காட்சி விழாவுக்கு வரட்டும்.

ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார் என்று லூக்கா எழுதவில்லை. ஒரு இடையரை நெருப்பருகே விட்டுவைத்தால் குற்றமில்லை. அவர்கள் திரும்பிப் போனதை இருபதாம் வசனம் சொல்கிறது. ஆகவே 25ஆம் திகதி மாலை ஒருவர் வந்து, அந்தச் சிறு உருவங்களின் முகத்தைக் கிடைப்பக்கம் திருப்பிவிட வேண்டும்.